கேள்விப்பட்ட நேரம்

அண்ணை செத்த செய்தி எனக்கு வந்தது தேர்த் திருவிழா அன்று விடிய ஐந்து மணிக்கு. என் மனைவி குணலட்சுமிக்கு அது தெரிந்தது பின்னேரம் நாலு மணிக்கு. இடையில் கிடந்த பதினொரு மணித்தியாலமும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நல்லதுக்குத்தான் பொத்துகிறேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படிச் சொல்லித் தப்பப் பார்க்கிறேன், முடியவில்லை.

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பாரிஸிலிருந்து அண்ணையின் மகள் உதயகலா.

"சித்தப்பா, அப்பா மோசம் போயிட்டார்" என்றாள்.

இரவுச் சாப்பாடு முடித்து, கதிரையில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த மனுசன் அப்படியே சரிந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அண்ணையின் பெயர் சிவசுப்பிரமணியம். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. எனக்குப் பதினொரு வயதில் அப்பா போனபிறகு என்னை ஆளாக்கியது அவர்தான். கொடிகாமத்தில் நான் இன்றைக்கும் நடத்துகிற மோட்டார் சைக்கிள் கராஜ் அவர் திறந்தது. அவருக்காக நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து குழறியிருக்க வேண்டும். ஆனால் நான் செய்த முதல் வேலை, திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தது. குணம் தலைமுழுகி, மஞ்சள் சேலை உடுத்து, அருச்சனைத் தட்டை அடுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்கு மத்தியானம் ஆகும்வரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், பேஸ்புக்கிலும் போட வேண்டாம் என்று உதயகலாவிடம் சொன்னேன். 

"ஏன் சித்தப்பா, அப்பா செத்தது சொல்லக்கூடாத விசயமே?"

இன்றைக்கு இங்கே தேர், பிறகு எடுத்துச் சொல்கிறேன் என்றுவிட்டுப் போனை வைத்தேன். தகப்பனைப் பறிகொடுத்து ஒரு இரவுகூடக் கழியாத பிள்ளையிடம் கதைக்கிற கதையா அது? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். குடும்பத்தில் சாவு என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. ஆண்வழிச் சொந்தம் எங்கே செத்தாலும், பளையில் செத்தாலும் பாரிஸில் செத்தாலும், கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கட்டிவந்தவளுக்கும் புருசனின் துடக்குத்தான். குணத்திடம் நான் வாயைத் திறந்தால் அந்த நிமிடமே அவளுடைய நேர்த்தி நின்றுவிடும்.

அந்த நேர்த்தி சும்மா நேர்த்தியில்லை. எங்களுக்கு ஒரே மகள், கஜந்தினி. கலியாணம் முடித்த பிறகு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. மூன்றாவது தங்கியதும் டொக்டர் படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்ல, எங்கள் வீட்டு முன்னறையில் வந்து படுத்துவிட்டாள். ஆறு மாதம் தாண்டினால் தேரன்று வெளிவீதி முழுக்க அடி அழிக்கிறேன் என்று குணம் அம்மாளாச்சிக்கு நேர்ந்திருந்தாள். தேர் நகர நகரப் பின்னால் ஓரடி வைத்து, முழங்காலில் இருந்து, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி அடுத்த அடி வைக்கவேண்டும். எங்களூர்ப் பெண்களின் நேர்த்தி அது. அவளுக்கோ வலது முழங்கால் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. நிலத்தில் சம்மணம் கொட்டவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கொடியேறின நாளிலிருந்து பத்து நாளும் ஒருநேரச் சாப்பாடு. ஏழாம் மாதம் பிறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

என் கதை வேறு. கடவுள் இல்லை என்று சத்தியம் பண்ணுகிற அளவுக்கு எனக்குத் துணிவில்லை. இருக்கிறார் என்று அடித்துச் சொல்லவும் மனம் வராது. ஆனால் கோயில் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஐந்து வருடத்துக்கு முந்தின பொதுக்கூட்டத்தில், என்னோடு கராஜில் இருபது வருடமாக வேலை செய்கிற ஜெயசுதனின் சாதி ஆட்கள் தேர்வடத்தில் கைவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், வழமை என்றார்கள். இந்த வழமையை அம்மன் எத்தனையாம் திகதிக் கூட்டத்தில் நிறைவேற்றினவ என்று நான் எழும்பிக் கேட்டேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த விசயத்துக்குப் போவோம் என்றார். என் பக்கம் ஒரு குரல் வரவில்லை. அன்றோடு கோயிலை விட்டேன்.

குணம் விடவில்லை. "நான் அவையளைக் கும்பிடேல்லையே" என்று ஒருதரம் சொன்னாள், அவ்வளவுதான். நானோ விட்டபாடில்லை. விரதம், துடக்கு, விலக்கு எல்லாம் நிர்வாகத்துக் கூட்டம் ஆட்களை அமத்தி வைக்கச் செய்த ஏற்பாடு என்று குசினி வாசலில் நின்று பிரசங்கம் வைப்பேன். அவள் தேங்காய் துருவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்வது அவளுக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று காலையில் எனக்குக் கைகொடுத்தது அதே ஏற்பாட்டில் இருக்கிற ஒரு ஓட்டை. கேள்விப்பட்டால்தான் துடக்கு. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. திருவிழாக் காலத்தில் போனை நிறுத்திவைத்துவிட்டுப் பத்து நாளும் நிம்மதியாகக் கும்பிட்ட பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். நான் கேள்விப்பட்டேன், அவள் கேள்விப்படவில்லை. துடக்கு என்னோடு நிற்கட்டும், நான்தான் கோயிலுக்குப் போகாதவன் ஆயிற்றே. கணக்குச் சரியாக வந்தது. அண்ணை செத்த துக்கத்துக்கு நடுவிலும் என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மணிக்கு அந்தக் கணக்குக் குழம்பியது. அடி அழிக்கிறபோது குணத்தைப் பிடித்து எழுப்பிவிட வருகிறேன் என்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்றைக்குப் பார்த்து விலக்கு வந்துவிட்டது. மதிலுக்கு மேலால் சொல்லிவிட்டாள். மருமகன் வந்திருந்தார், ஆனால் அவர் கஜந்தினிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். குணம் என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, கோயிலுக்குள்ளை வரச்சொல்லிக் கேக்கேல்லை. வீதியிலை என்ரை கையைப் பிடிச்சு எழுப்பிவிட்டால் காணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றால் அவள் தனியப் போவாள், அந்த முழங்காலோடு. வாறன் என்றேன்.

வேட்டியைக் கட்டி, மேலில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த வீதியில் நின்றேன். செயலாளர் தூரத்திலிருந்து என்னைக் கண்டு தலையாட்டினார். பெரிய வெற்றி கிடைத்த சந்தோசம் அவர் முகத்தில். பவுசர் வந்து மணலுக்குத் தண்ணீர் விசிறிவிட்டுப் போயிருந்தது, ஆனாலும் ஒன்பது மணி வெயிலுக்கு மணல் சுட்டது. மடியில் கிடந்த போன் இரண்டுதரம் அதிர்ந்தது. எடுத்து நிறுத்திவிட்டேன்.

குணம் ஓரடி வைப்பாள், விழுவாள், நெற்றியை மண்ணில் வைப்பாள். நான் குனிந்து கையைக் கொடுப்பேன். துடக்கில் நம்பிக்கையில்லாதவனுக்குக் கை கூசக் கூடாது. எனக்குக் கூசியது. ஒவ்வொருதரம் அவள் விரல் என் கைக்குள் வரும்போதும், இது அவளுக்குத் தெரிந்தால் என்ற நினைப்பு ஓடியது. வெயில்தான் காரணம் என்று கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டேன்.

தெற்கு வீதிக்குத் திரும்புகிற மூலையில் தேர் கொஞ்சம் நின்றது. பிறகு எல்லோரும் அரோகரா என்று ஒரே குரலில் கத்த, வடம் விறைத்து நிமிர்ந்தது. இளவயதில் நானும் அண்ணையும் அந்த வடத்தில் இடப்பக்கம் நிற்போம். அவர் முன்னால், நான் பின்னால். இழுக்கிற இழுவையிலும் நான் பிடித்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார். மூன்று நாளைக்கு முந்திப் போனில் கதைத்தபோது, வாற வருசம் தேருக்கு வருகிறேன், உன் நிர்வாகச் சண்டையை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு வடத்துக்கு வா என்று சொல்லிச் சிரித்தார். வடம் நிமிர்ந்த நேரத்தில் அந்தச் சிரிப்புக் காதில் கேட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் நான் விம்மி விம்மி அழுதேன். நிறுத்த முடியவில்லை.

குணம் மண்ணிலிருந்து முகத்தைத் தூக்கினாள். நெற்றியிலும் மூக்கிலும் ஈரமணல். என்னைப் பார்த்தாள், தேரைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

"அம்மாளாச்சி" என்றாள்.

 அதற்குப் பிறகு அவளுக்கு என் கை தேவைப்படவில்லை. மிச்ச வீதி முழுக்கத் தானே விழுந்து தானே எழும்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கலியாணம் கட்டின இந்த முப்பத்திநாலு வருடத்தில் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் முன்னறைக்குப் போனாள். மகளின் வயிற்றில் வீபூதியைப் பூசிவிட்டு, அப்பா தேரடியில் அழுதவர் என்று மெல்லச் சொன்னாள். கஜந்தினி ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள். நான் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு அங்கிருந்து நழுவினேன்.

நாலு மணிக்கு, அப்போதுதான் போன் வந்ததுபோலச் சொன்னேன். குரலை எப்படி வைப்பது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். குணம் தலையில் கைவைத்து அழுதாள். அண்ணை அவளைத் தங்கச்சிபோல நடத்தினவர். பிறகு எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுச் சாமி அறையைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பியவள், நல்ல காலம் தேர் முடிந்து கேள்விப்பட்டோம், அம்மாளாச்சி நேரம் பார்த்துத்தான் விட்டிருக்கிறா என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி அண்ணைக்காக நான் பகிரங்கமாக அழலாம். அழுதேன்.

செத்தவீடு பாரிஸில் ஏழாம் நாள் நடந்தது. இங்கே எங்கள் ஹோலில் சொந்தக்காரர் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லோரும் போனபிறகு குணம் பின்பக்கப் படிக்கட்டில் குந்தியிருந்து தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும், காலையில் உதயகலா தன்னோடு கதைத்ததைச் சொன்னாள். தகப்பன் செத்ததைத் தேர் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா சொன்னது தனக்குப் பெரிய மனவருத்தம் என்று பிள்ளை அழுதாளாம். அந்த அழுகையை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

"விடிய அஞ்சு மணிக்கே உங்களுக்குத் தெரியும்" என்றாள் குணம். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஓம். ஆனால் நீர் கேள்விப்படேல்லை. உமக்குத் துடக்கில்லை. உம்மடை நேர்த்திக்கு ஒரு குறையும் வராது."

"சட்டம் எப்பவிருந்து உங்களுக்குப் பிடிச்சது?"

எனக்குக் கோபம் வந்தது. பிழை செய்தவனுக்கு வருகிற கோபம். உம்முடைய அம்மாளாச்சி ஒரு தாய் என்றால், செத்த நேரத்தையும் கேட்ட நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டா இருப்பா, அதெல்லாம் அந்த நிர்வாகத்து ஆட்களின் வேலையல்லவா என்று கத்தினேன். உம்முடைய முழங்காலையும் பிள்ளையின் வயிற்றையும் யோசித்துத்தான் செய்தேன் என்றேன். அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் வீதியிலை விழாமல் வீட்டிலை இருந்து, அம்மா, இந்த வருசம் ஏலாமல் போச்சு எண்டு அவவிட்டைச் சொல்லியிருப்பன். அவ கேட்டிருப்பா. ஜெயசுதனைக் கேக்காமல் முடிவெடுத்தவை எண்டெல்லோ நிர்வாகத்தோடை சண்டை பிடிச்சனீங்கள். என்னைக் கேட்டனீங்களே?"

 அந்தச் செயலாளராவது பொதுக்கூட்டம் வைத்துச் சொன்னார். நான் கிணற்றடியில் நின்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். இத்தனை வருடமும் அவள் கும்பிட்டது நிர்வாகத்தின் சட்டத்தை என்று நினைத்து நான் பிரசங்கம் வைத்திருக்கிறேன். அவள் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"ஒண்டு கேக்கிறன்" என்றாள். "பொய் சொல்லாதேங்கோ. தேரடியிலை அழுதது உங்கடை அண்ணைக்கோ?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு கிழமையாக வாயைத் திறந்தால் பொய்யாக வந்த எனக்கு இது பெரிய வேலையில்லை. அழுதது உம்முடைய அம்மாளாச்சியைப் பார்த்துத்தான் என்று சொன்னால் அவள் மிச்சம் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அவளுடைய கண்ணும் அதைத்தான் கேட்டது.

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தன் நேர்த்தி இரண்டு என்று சொன்னாள். கஜந்தினிக்கு ஒன்று. எனக்கு ஒன்று. நான் எப்போதாவது ஒருநாள் அவள் பக்கத்தில் நின்று மனம் உருகிக் கும்பிடவேண்டும் என்று ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டு வந்தாளாம். இரண்டும் சரிவந்துவிட்டது என்று அந்தத் தெற்கு வீதி மணலில் கிடந்தபடியே நன்றி சொல்லிவிட்டாளாம்.

முப்பத்தொன்று முடிந்தது. சாமி அறையைத் திறந்து கூட்டிக் கழுவினாள். விளக்கேற்றுவாள், ஏற்றியதும் வெளியே வந்துவிடுவாள். முந்தியென்றால் உள்ளே நின்று முணுமுணுவென்று அரைமணித்தியாலம் கதைப்பாள். சம்பல் உறைத்துப்போனதிலிருந்து சொந்தக்காரரின் கலியாணச் சண்டைவரை எல்லாம் அங்கே போகும். இப்போது அந்த அறையில் சத்தமில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதையும் விட்டாள். ஊரில் கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்று சொன்னாள்.

புரட்டாதியில் கஜந்தினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான் குழந்தையைத் தூக்கிக் குணத்திடம் கொடுத்து, பாரும், ஒரு குறையும் இல்லை என்றேன். என் வார்த்தைக்கு அத்தாட்சி காட்டுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. அவள் குழந்தையின் நெற்றியைத் தடவினாள்.

"பிள்ளைக்கு ஒண்டும் வராது எண்டு எனக்குத் தெரியும். அவ அப்பிடி வஞ்சம் வைக்கிறவ இல்லை" என்றாள்.

அவள் பயந்திருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவளுக்குப் பயமே இல்லை. 

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, குழந்தையை முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்தான் ஓட்டோவுக்குச் சொல்லி எல்லோரையும் ஏற்றினேன். மருமகனும் கஜந்தினியும் குழந்தையோடு உள்ளே போனார்கள். குணம் கோபுர வாசலோடு நின்றுவிட்டாள். கையில் அருச்சனைத் தட்டு. மகள் திரும்பிப் பார்த்தபோது, நீங்கள் போங்கோ, வாறன் என்று கையைக் காட்டினாள். ஆனால் வாசற்படியில் கால் வைக்கவில்லை.

நான் கிட்டப் போய் உள்ளே போகச் சொன்னேன். போகாதே போகாதே என்று இத்தனை வருடம் சொன்ன வாயால் கெஞ்சினேன். பூசை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லிக் கும்பிடுறது எண்டு தெரியேல்லை" என்றாள். "முந்தி ஒண்டும் யோசிக்காமல் கதைப்பன். இப்ப ஒரு சொல்லும் வருகுதில்லை. அண்டைக்குச் சொன்ன நன்றியை என்னெண்டு திருப்பிக் கேக்கிறது?"

 செருப்பைக் கழற்றினேன். சட்டையையும் கழற்றித் தோளில் போட்டேன். வாரும், நானும் உம்மோடு வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்தேன். அந்த நேரத்தில் நான் என்ன நம்பினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். நிர்வாகமும் இல்லை, வழமையும் இல்லை, அவளை அந்தப் படிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டால் போதும் என்றிருந்தது.

அவள் என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். கோபமில்லை. நோயாளிக்குச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்.

"வேண்டாம். நீங்கள் உள்ளை வந்தால் நான் திரும்பவும் நம்பிப்போடுவன்."